என் முகத்து ஆந்தை

வாம்மா. செருப்பை அங்கேயே விடு. சகாயராணி என்றுதானே ஏஜென்சியில் சொன்னார்கள்? உட்காரு. உள்ளே போக அவசரமில்லை, அவர் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார் என் மாமியார்.

மருந்து, டயபர், ஒருக்களித்துப் படுக்கவைப்பது எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று உண்டு. அந்த அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே கால்மாட்டுச் சுவரில், மரத்தில் செதுக்கிய ஆந்தை ஒன்று மாட்டியிருக்கிறது. அதைத் தொடக் கூடாது. திருப்பக் கூடாது. மேலே துண்டைப் போட்டு மூடக் கூடாது. உனக்கு முன்னால் வந்தவள் மூடினாள். அதனால்தான் அவள் உனக்கு முன்னால் வந்தவள் ஆனாள்.

ஏன் சிரிக்கிறாய்? பார்த்துவிட்டாயா, கதவு திறந்திருக்கிறதா? ஆமாம், என்னை மாதிரியேதான் இருக்கிறது. மூக்குத்தி கூட. பித்தளை ஆணியை அடித்து வைத்திருக்கிறாள். கண்ணைப் பார், ரெண்டு இட்லித் தட்டுக் குழி. நேர் வகிடு. எனக்கு நேர் வகிடு. ஆந்தைக்கு எதற்கு வகிடு, சொல்லு.

செய்தவள் தமயந்தி. என் ஓரகத்தி. என் கொழுந்தன் சேகரின் பெண்டாட்டி. கார் கம்பெனி வேலையாக சேகர் மெக்சிகோ போனபோது கூடப் போனாள். அங்கே மாயா என்று ஒரு ஜனம் இருக்கிறது, பழைய ஜனம், பிரமிடு கட்டினவர்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால், மயன் நம்ம ஆள், அங்கே போய்க் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தான் என்பார். அவர் பேச்சை விடு. அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து இவள் மரம் செதுக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். இப்போது சென்னையில் பட்டறை. வாகை மரத்தில் புலி, ஆமை, பாம்பு, முகமூடி. சும்மா ஒரு மிருகம் என்று ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. சிறுத்தையின் புள்ளி என்றால் ராத்திரி வானத்து நட்சத்திரம். ஆமை முதுகு என்றால் பூமி. சிவப்பு அடித்தால் கிழக்கு, கறுப்பு அடித்தால் மேற்கு. கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

நடுவில் பேசாதே, நானே சொல்கிறேன்.

நான் பழிவாங்குகிறவள் இல்லை, அதை முதலில் தெரிந்துகொள். கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று சொல்லிவிட்டு ஸ்கேலால் உள்ளங்கையில் அடிப்பார். நான் ரெண்டையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன்.

இந்த ஆந்தை என்கிற சொல் இந்த வீட்டுக்குப் புதுசு இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபித் தட்டை நான் நீட்டும்போதே, பக்கத்தில் இருந்தவளிடம் என் மாமியார் சொன்னார்: "நிறம் பரவால்ல. முழிதான் ஆந்தை முழி." மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. கல்யாணம் ஆகி வந்த பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. விடிந்ததும் அவர் கண்ணைத் திறக்கும்போது எதிரே நான் இருக்கக் கூடாது. அது சட்டம். சாமி படத்தைப் பார்த்து, உள்ளங்கையைப் பார்த்து, அப்புறம்தான் நான் காபியோடு உள்ளே போகலாம். ஒருநாள் தெரியாமல் முன்னாலேயே போய்விட்டேன். அன்றைக்குப் பால்காரன் வரவில்லை, மோட்டார் எரிந்துபோனது, பெரிய மாமா மாரடைப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றுக்கும் நான்தான் காரணம். "அந்த மூஞ்சியில முழிச்சேன், விளங்குமா?" அதிலிருந்து காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று வாசல்படிக்கு இந்தப் பக்கமே நிற்பேன். உள்ளிருந்து அவர் இருமினால் போகலாம். இருமல் வருகிற வரைக்கும் நிற்க வேண்டும். எத்தனை வருஷம்! என் பெண்ணைப் பெற்றுக்கொண்டு வந்தபோதும் நின்றேன்.

சரி, தமயந்தி கதைக்கு வருகிறேன். சேகர் அவளைக் காதலித்தான். வேறு சாதி. அதோடு விட்டார்களா, கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் உண்டாகிவிட்டாள். என் மாமியார் கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் எனக்குப் பயமே இருந்திருக்காது. சமையலறைக்குள் வந்து, நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்று சொன்னார். "டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு நீ அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போ. முடிச்சுட்டு வா. சேகருக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் அவளே தானா விலகிடுவா."

"அத்தை, அந்தப் பொண்ணு ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்க வைக்கத்தான் உன்னை அனுப்பறேன். இங்கிலீஷ்ல பேசு. பயப்படுவா."

போனேன். ஹாஸ்டல் வாசலில் அந்தப் பெண் நின்றாள். எலும்பும் தோலுமாக, துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "அக்கா, என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு இந்தக் குழந்தை வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதே. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். சேகருக்குப் போன் போட்டு, "ஆம்பளையா இருந்தா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா" என்றேன். சாட்சிக் கையெழுத்து நான்தான். அங்கிருந்து நேராக அவளுடைய சிநேகிதி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். டாக்டரம்மாவைப் பார்த்து அவர் வாயையும் அடைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, மாமியார் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சுது அத்தை" என்றேன்.

ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்ல சிஸ்டர் பெனடிக்டா கற்றுக்கொடுத்த மொத்த முதுகெலும்பும் தேவைப்பட்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உள்ள வா" என்றார். செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிப்போமே, அந்த மாதிரி. கொல்லையில் நின்று குடம் குடமாக ஊற்றிக்கொண்டேன், சாகாத பிள்ளைக்கு. தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன், சாம்பிராணித் தூபத்தோடு வருகிறார். என்னை உட்காரவைத்து, என் முடியை விரித்துப் பிடித்து, தூபம் காட்டினார். "பாவம், உன்னைப் போய் இதுக்கு அனுப்பிட்டேன்" என்றார். இந்த வீட்டில் அவர் கை என் தலையில் பட்டது அந்த ஒரு நாள்தான். பொய் சொன்ன தலையில்.

அதை விடு. அது எதற்கு இப்போது.

சேகர் அவளைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோ போய்விட்டான். போன பிறகுதான் கல்யாணம் ஆன விஷயத்தையே தாய்க்குச் சொன்னான். நிரஞ்சன் பிறந்ததை ஒரு வருஷம் தள்ளிச் சொன்னார்கள். முதல் கரு போய்விட்டது, இது அப்புறம் வந்தது என்று மாமியார் கணக்கு. பையனோடு திரும்பி வந்தார்கள். பேரனைப் பார்த்ததும் சாதி, சாம்பல் எல்லாம் பறந்துபோனது. அப்பாயி, அப்பாயி என்று அவன் மடியில் விழுவதும், இவர் அவனுக்கு முறுக்கை நுணுக்கி ஊட்டுவதும்! பொய்த் தேதிக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார். ஜோசியர் சொன்னதெல்லாம் அப்படியே பலிக்கிறதாம். நான் வாயே திறக்கவில்லை. திறந்தேனா? இத்தனை வருஷம் அந்தப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன்.

போன தை மாசம் தமயந்தி சென்னையில் கண்காட்சி வைத்தாள். குடும்பமே போனோம். மாமியார் பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில், பக்கத்தில் நிரஞ்சன் கையைப் பிடித்துக்கொண்டு. "என் ரெண்டாவது மருமக பேப்பர்லல்லாம் வந்தவ" என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மருமகள் கூஜாவோடு பின் வரிசையில்.

ஒவ்வொரு சிற்பமாக மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் துணி போட்டு மூடியிருந்த ஒன்று. துணியை எடுத்தாள். நான்.

ஆந்தை உடம்பில் நான். கூடத்தில் யாரோ, "அட, வத்சலா!" என்றார்கள். சிரிப்பு. சின்ன மாமாவின் பெண்டாட்டி போட்டோ எடுத்தாள். சத்தமாகச் சிரித்தது யார் தெரியுமா? என் மாமியார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஆந்தை முழின்னு! இப்ப ஊரே சொல்லுது!"

என் வீட்டுக்காரர் காதில், "கோவிச்சுக்காதே, உங்க கான்வென்ட் புக்ல ஆந்தைன்னா அறிவாளிதானே" என்கிறார். அந்த மனுஷனை என்ன செய்ய?

தமயந்தி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்து முடிக்கக் காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள். மாயா ஜனங்களிடம் ஒரு பழங்கதையாம். பாதாள லோகத்துப் பிரபு ஒருத்தரின் பெண் உண்டாகிவிட்டாள். அப்பன்காரன் தன் தூதர்களைக் கூப்பிட்டு, இவளைக் கொண்டுபோய்ப் பலி கொடுத்துவிட்டு இதயத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்து வாருங்கள் என்கிறான். தூதர்கள் ஆந்தைகள். போகிற வழியில் அந்தப் பெண், என்னை விட்டுவிடுங்கள், வயிற்றில் உயிர் இருக்கிறது என்கிறாள். ஆந்தைகள் என்ன செய்தன? ஒரு மரத்தைக் கீறி, சிவப்பாக வடிந்த பிசினைக் கிண்ணத்தில் பிடித்தன. உருண்டு இதயம் மாதிரியே ஆகிவிட்டது. அதைக் கொண்டுபோய்ப் பிரபுவிடம் கொடுத்தன. அவன் நெருப்பில் போட்டான். கமகமவென்று புகை. அந்த வாசனையில் மயங்கி, காரியம் முடிந்தது என்று நம்பிவிட்டான். ஆந்தைகள் அந்தப் பெண்ணைப் பூமிக்கு ஏற்றி விட்டுவிட்டன. அங்கே அவள் பிள்ளை பெற்றாள்.

"பாருங்க, இந்த ஆந்தையோட கால் பிடியில இருக்கறது நிஜக் குங்கிலியம்" என்றாள். "எல்லா ஊர்லயும் ஆந்தைன்னா சாவுச் சேதி. எனக்கு உயிர்ச்சேதி. என் வாழ்க்கையிலயும் ஒரு ஆந்தை வந்தாங்க. என் வயித்தைக் கலைச்சுட்டு வான்னு அனுப்பினாங்க. கலைச்சாச்சுன்னு பொய் சொல்லிட்டு என்னைக் காப்பாத்தினாங்க. அதோ, பின்னாடி கூஜாவோட நிக்கறாங்க, என் அக்கா. அந்த வயித்துல இருந்தவன்தான் இதோ, முன்னாடி உட்கார்ந்திருக்கான்."

கை தட்டினார்கள். சென்னையில் எதற்கு வேண்டுமானாலும் கை தட்டுவார்கள்.

அனுப்பியது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம். மாமியார் சிரிப்பு பாதி வாயில் நின்றுபோய் இருந்தது. நிரஞ்சன் மெதுவாகக் கையை உருவிக்கொண்டான். "அப்படியா அப்பாயி?" என்று கேட்டான். சத்தமே போடவில்லை. அவர் அவனைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது, தான் சொன்னது தெரியவில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

தமயந்தியைத் தனியாகப் பிடித்தேன். "யாரைக் கேட்டுடி என் மூஞ்சியை மரத்துல அடிச்சே? யாரைக் கேட்டு என் பொய்யை மைக்ல சொன்னே?"

"அக்கா, நான் உங்களுக்கு மரியாதை செஞ்சேன்."

"நீ மரியாதை செய்யலே. உன் பழியை என் மூஞ்சியை வெச்சு வாங்கிக்கிட்டே. நீ சென்னையில இருக்கே. அவங்ககூட ஒரே வீட்ல இருக்கப் போறது நான்."

அழுதாள். அழட்டும். ஆந்தையைப் பார்சல் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டாள், பரிசாம். எங்கே மாட்டினீங்க அக்கா, போட்டோ அனுப்புங்க என்று இன்றைக்கும் கேட்கிறாள். பரணில் கிடக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு அதுதான் தண்டனை.

ஊருக்கு வந்ததிலிருந்து மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூமில் விழுந்தபோது கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, பக்கெட்டைத் தட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். அன்றைக்குத்தான் சுத்தியலை எடுத்தேன். சாமி படத்தைக் கழற்றி ஹாலில் மாட்டினேன், ஹாலில் வெளிச்சம் அதிகம், சாமிக்கு நல்லது. அந்த ஆணியில் இதை மாட்டினேன். "அத்தை, உங்க ரெண்டாவது மருமக கைவேலை. காலையில எழுந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்றேன். அவரால் எழுந்து போக முடியாது. திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். விடிந்தால் என் மூஞ்சி. மத்தியானம் தூங்கி எழுந்தால் என் மூஞ்சி.

கொடுமை என்கிறாயா? அப்படிப் பார்க்காதே. வேளைக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். ரசம் காரமில்லாமல் தனியாக. முதுகில் புண் வராமல் பவுடர் போடுகிறேன். சாப்பிட வாயைத் திறப்பார், பேசத் திறக்க மாட்டார். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வத்சலா, நான் சொன்னது தப்பு." அவ்வளவு. சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் ஆந்தையைக் கழற்றி, அந்த இடத்தில் சாமியை மாட்டி, சூடம் ஏற்றிவிடுவேன். நான் பழிவாங்குகிறவள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உனக்குத் தெரிந்திருப்பது நல்லது. நிரஞ்சன் தினமும் போன் செய்கிறான். முதலில் கோபமாகத்தான் இருந்தான். அப்பாயி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை, பாட்டி மேல் பாசம். "பெரியம்மா, அப்பாயிகிட்ட குடுங்க." அவருடைய போன் விழுந்ததில் உடைந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுக்க எனக்கு நேரமில்லை. அதனால் என் போனில் வருகிறான். "தூங்கறாங்கப்பா" என்பேன். சாயந்தரம் கேட்டால், "இப்பதான் மருந்து குடுத்தேன்." பேரன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்று உள்ளே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போன் தானாக உள்ளே போகும். நியாயம்தானே?

நீ ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்?

உனக்கு முன்னால் வந்தவளும் இப்படித்தான். துண்டு போட்டு மூடினதற்கு நான் சத்தம் போட்டபோது அவள் சொன்னாள், "அம்மா, நானா மூடலை. குளிருதுன்னு சொல்லி அதுக்குப் போர்த்தச் சொன்னாங்க." யாருக்குக் குளிருது? "ஆந்தைக்கு." பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். கதவைச் சாத்தினால் அதனிடம் பேசுகிறாராம். நாள் முழுக்கப் பேசுகிறாராம். சாப்பிட்டியா என்று கேட்கிறாராம். என்ன பேசுகிறார், உள்ளதைச் சொல் என்று உலுக்கினேன். அவள் சொன்னாள்: "'நல்லவேளை, என் பேச்சைக் கேக்காம விட்டியே'ன்னு சொல்லிட்டு அழுறாங்கம்மா."

கேட்டாயா? கட்டையிடம்! பித்தளை ஆணி மூக்குத்திக்கு! பக்கத்து அறையில் ரெண்டு காதோடு ரத்தமும் சதையுமாக ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பேச்சு மரத்துக்குப் போகிறது. நான் உள்ளே போனால் வாய் பூட்டிக்கொள்கிறது. எனக்கு வர வேண்டியதை அந்த ஆந்தை வாங்கிக்கொள்கிறது! கழற்றி அடுப்பில் வைத்துவிடலாமா என்று கூடப் பார்த்தேன். கழற்றினால் நான் தோற்றதாக ஆகிவிடும். அந்த வேலைக்காரப் பெண்ணைத்தான் நிறுத்த முடிந்தது.

அதனால் உன் வேலை இதுதான். மருந்து கொடு, துடை, தலை வாரு. அவர் அந்தக் கட்டையிடம் என்ன சொல்கிறார் என்று வந்து எனக்குச் சொல். யாராவது போன் செய்தார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்.

என்ன? பொய் சொல்ல மாட்டாயா? பெரிய இவள்! உன் சர்ச் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்களா? எனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாப் பொய்யும் ஒன்று இல்லையம்மா. அன்றைக்கு நான் சொன்னது ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்னது. இன்றைக்குச் சொல்வது...

இன்றைக்குச் சொல்வதும் காரணமாகத்தான்.

பையைக் கீழே வை. எழுந்திருக்காதே. இந்தத் தெருவில் உன்னை விட்டால் எனக்கு இன்னொரு ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகும், என் முதுகும் போய்விட்டது. வை என்கிறேன்.

இரு, போன் அடிக்கிறது. அவன்தான். இந்த நேரத்துக்குத்தான் அடிப்பான், சாப்பாட்டு இடைவேளை. அடிக்கட்டும், தானாக நின்றுவிடும்.

உள்ளே கேட்கிறதா? இருமுகிறார். மெனக்கெட்டு இருமுகிறார், எனக்குத் தெரியாதா அந்த இருமல். போன் சத்தம் கேட்டுவிட்டது. யார் என்று கேட்க வாய் வராது, இருமல் மட்டும் வரும்.

என்னை அப்படிப் பார்க்காதே.

இந்தா. எடுத்துக்கொண்டு போ. பச்சையை இழுத்துவிட்டுக் காதில் வை. வலது காதில், இடது காது மந்தம். நான் கொடுத்தேன் என்று சொல்லக் கூடாது. நான் கடைக்குப் போயிருக்கிறேன், போன் மேஜை மேல் அடித்தது, நீயாக எடுத்து வந்தாய். அவ்வளவுதான். இந்தப் பொய்யையாவது சொல்லு, இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆந்தையை மட்டும் தொடாதே, அது அங்கேயே இருக்கட்டும், அவர் பேசுவதை அதுவும் கேட்கட்டும்.

போ, நின்றுவிடப் போகிறது.

சகாயராணி! கதவை முழுக்கச் சாத்தாதே. ஒரு விரல் இடைவெளி விடு. எனக்காக இல்லை. அவருக்குக் காற்று வேண்டும்.